தலைவர் நிரப்பிய அன்பாவ் படிவம்

எசன் மாநகரத் தமிழ் மூத்தோர் ஒன்றியத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க அவசரக் கூட்டத்துக்கு வருகை தந்தோர்: தலைவர் திரு. விஜயரத்தினம், வயது எழுபத்து நான்கு, கோட்டும் கழுத்துப்பட்டியும். செயலாளர் திரு. சோதிலிங்கம், தலைவர் சொல்வதை முதலில் ஆமோதிப்பவர். மகளிர் அணித் தலைவி திருமதி ஜெயமலர். மகளிர் அணியும் அவரே. கிறிஸ்தவ உறுப்பினர்களின் சார்பில் திரு. லோறன்ஸ். கூட்ட அறிக்கை எழுதுவதற்குத் தலைவரின் மகள் செல்வி நிரஞ்சனா. ஜேர்மன் அரசாங்கத்தின் சார்பில் ஹெர் லூக்காஸ், கையில் ஒரு நீலக் கோப்பு. தேத்தண்ணீருக்காகத் தலைவரின் மனைவி திருமதி இராஜேஸ்வரி. இவர் போகும்வரை நின்றுகொண்டே இருந்தபடியால் வருகைப் பதிவில் சேர்க்கப்படவில்லை.

மனித குலத்தின் ஒழுக்கம் தள்ளாடும் போதெல்லாம் எங்கோ ஒரு மூலையில் சிலர் கதிரை போட்டு உட்கார்ந்து அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். இம்முறை கதிரைகள் எசனில் போடப்பட்டன. ஐரோப்பாவுக்கு இது தெரியாது. ஐரோப்பாவுக்கு எதுதான் தெரியும்?

விஜயரத்தினம் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நான்கில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்தவர். மற்ற அகதிகள் உணவகங்களில் கோப்பை கழுவிய காலத்தில் அவரும் கோப்பைதான் கழுவினார்; ஆனால் நிமிர்ந்து நின்று கழுவினார். அவர் முதுகு இன்றுவரை எந்தக் கதிரையின் சாய்மானத்தையும் தொட்டதில்லை. அவருடைய குடும்பத்தில் எவரும் கடன்பட்டுக் கலியாணம் செய்ததில்லை, வேலியால் எட்டிப் பார்த்ததில்லை, சபையில் வாய்விட்டுச் சிரித்ததில்லை. இவை எல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவருடைய புகழுக்கு மூல காரணம் படிவங்கள். ஜேர்மன் மொழியில் விண்ணப்பத்துக்கு அன்ராக் என்று பெயர். இந்த நாட்டில் பிறப்பதற்கும் இறப்பதற்கும் இடையில் நடக்கும் எல்லாவற்றுக்கும் ஓர் அன்ராக் உண்டு. எசனிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழரில் பாதிப்பேரின் விண்ணப்பங்களை நாற்பது வருடங்களாக நிரப்பியவர் இவர்தான். சனம் அவரை ‘அன்ராக் அண்ணை’ என்று அழைத்தது. ஜேர்மன் மொழியில் தான் இதுவரை ஒரு சொல்லைக்கூடப் பிழையாக விளங்கிக்கொண்டதில்லை என்று அவர் அடிக்கடி சொல்வார். அப்போது அதைச் சரிபார்க்கக்கூடியவர்கள் எவரும் ஊரில் இல்லை. பிறகு பிள்ளைகள் பிறந்து, ஜேர்மன் பள்ளிக்கூடம் போய், சரிபார்க்கக்கூடியவர்களாக வளர்ந்தார்கள். அதற்குள் அவர் தலைவராகிவிட்டார்.

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு சித்திரையில் ஜேர்மன் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. வயது வந்தவர்கள் கஞ்சா வைத்திருக்கலாம். வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். தலைவரை ஒரு வார்த்தை கேட்காமலே போட்டது. கேட்டிருந்தால் நல்ல ஆலோசனை சொல்லியிருப்பார்.

ஒன்றியம் உடனே, அதாவது ஒன்றரை வருடத்தில், ஒரு கண்டனத் தீர்மானத்தைத் தயாரித்தது. வரைவு சோதிலிங்கத்தின் வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் உருவானது. அப்போது மேசையில் இருந்த பொன்னிறப் போத்தலைப் பற்றிச் சிலர் விஷமமாகக் கேட்கக்கூடும். அது ஸ்கொட்லாந்தில் பன்னிரண்டு வருடம் மரப்பீப்பாயில் தவம் இருந்தது. ஐஸ் போட்டு அருந்தப்பட்டது. அதற்கும் போதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்குப் பெயர் ‘விருந்தோம்பல்’. மூன்றாம் ஞாயிறு தீர்மானத்தின் கடைசி வாக்கியத்தை எழுதும்போது லோறன்ஸ் அழுதார். போதைப்பொருளால் அழியும் இளைஞர்களை நினைத்து அழுதார் என்று பதிவாகியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு குடும்ப விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். குடும்ப விஷயத்தை வெளியில் சொல்வது தலைவருக்குப் பிடிக்காது. ஆகையால் சுருக்கமாக.

மாசி மாதம் இராஜேஸ்வரிக்கு வலது விலாவில் அக்கி போட்டது. கொப்புளங்கள் இரண்டு கிழமையில் காய்ந்தன. வலி காயவில்லை. நரம்பு நோ என்றார் வைத்தியர். சட்டை பட்டால் நெருப்புப் பட்டதுபோல் இருந்தது. உட்கார்ந்தால் விலா மடியும். மடிந்தால் உயிர் போகும். ஆகையால் நின்றார். நின்றுகொண்டே சமைத்தார், நின்றுகொண்டே சாப்பிட்டார், சுவரில் கையூன்றிக் கண்ணை மூடினார். மூன்று வகைக் குளிசைகள் பலிக்காமல் போனபின் வைத்தியர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

மகள் நிரஞ்சனா மருந்தகத்தில் வேலை செய்பவள். சீட்டைப் பார்த்தவுடன் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மறைக்கத் தெரியாதவள், ஜேர்மனியில் பிறந்தவள்.

“உதிலை கஞ்சாச் சத்து இருக்கு அப்பா. ஆனா புகைக்கிறதில்லை. சொட்டுச் சொட்டாக் குடிக்கிறது. எங்கட கடையிலை கிழமைக்கு இருபது பேருக்கு நானே எடுத்துக் குடுக்கிறன். எல்லாரும் உங்கட வயசுக்காரர்தான்.”

“ஜேர்மன்காரர்.”

“நோ எல்லாருக்கும் ஒண்டுதானே?”

“நோ ஒண்டு. மானம் வேறை. நோ வரும், போகும். மானம் போனால் வராது.”

சுவரைப் பிடித்தபடி நின்ற இராஜேஸ்வரி கேட்டார்: “இஞ்சாருங்கோ, எனக்கு வந்தது இன்னும் போகேல்லையே?”

தலைவர் சீட்டைக் கையில் எடுத்தார். கிழிக்கவில்லை. வைத்தியர் கையெழுத்திட்ட ஆவணத்தைக் கிழிப்பது அவர் பண்பாடு அல்ல. ஓரத்தில் இரண்டு துளை போட்டு, ‘நிராகரிக்கப்பட்டவை’ என்று எழுதிய கோப்பில் ஒழுங்காகக் குத்தி வைத்தார். அத்துடன் அந்தப் பிரச்சினை தீர்ந்தது, அவருக்கு.

இனிப் பொது விஷயம்.

ஒன்றியத்தின் மண்டபம் முன்பு ஒரு தளபாடக் கடையாக இருந்தது. உள்ளே இடம் போதாது. செருப்புக் கழற்ற ஓர் இடம் வேண்டும். வடை சுட ஓர் இடம் வேண்டும். இரண்டும் ஒரே இடமாக இருப்பது நல்லதல்ல என்று அனுபவத்தில் தெரிந்திருந்தது. பின்வளவில், மண்டபத்தோடு ஒட்டி ஓர் அறை கட்டுவதென்று முடிவாயிற்று. அப்படி ஒட்டிக் கட்டும் அறையை ஜேர்மன் மொழியில் அன்பாவ் என்பார்கள். சொல்லைக் கேட்டதும் சபை உருகிப்போனது.

“அன்பாலை கட்டுறபடியால் அன்பாவ் ஆக்கும்,” என்றார் சோதிலிங்கம்.

அறைக்கு ‘அன்பகம்’ என்று ஏகமனதாகப் பெயர் சூட்டப்பட்டது.

“அன்ராக்கை நான் ஒருக்காப் பாக்கட்டோ அப்பா?” என்று நிரஞ்சனா கேட்டாள்.

“நீ பிறக்கிறதுக்கு முதலே நான் அன்ராக் நிரப்பினனான். உன்ரை பிறப்புப் பதிவும் நான்தான் நிரப்பினது.”

“அதுதான் கேக்கிறன்,” என்றாள் மகள். அவளுடைய பிறப்புப் பதிவில் அவள் ஆண்.

ஜேர்மன் மொழி சிக்கனமான மொழி. ஒட்டிக் கட்டுவதற்கும் அன்பாவ். பயிரிடுவதற்கும் அதே அன்பாவ். கோதுமை அன்பாவ், கிழங்கு அன்பாவ். புதிய சட்டத்தின்படி, சங்கம் பதிந்து கூட்டாகக் கஞ்சா பயிரிட விரும்புவோருக்கு ஒரு படிவம் உண்டு. அதன் தலைப்பிலும் இந்த அன்பாவ்தான் கொட்டை எழுத்தில் நிற்கிறது. தலைவர் கணினியில் ‘சங்கம், அன்பாவ், அன்ராக்’ என்று மூன்று ஜேர்மன் சொற்களைத் தட்டினார். அரசாங்கம் அக்கணமே ஒரு படிவத்தை நீட்டியது. நாற்பது வருட அனுபவத்தில் அரசாங்கம் எதையும் அக்கணமே நீட்டியதில்லை என்பதை அவர் அப்போது யோசிக்கவில்லை.

படிவத்தின் உள்ளே, கஞ்சாவைக் குறிக்கும் கனபிஸ் என்ற சொல் பல இடங்களில் வந்தது. அனுபவமற்ற ஒருவன் இங்கே தடுமாறியிருப்பான். தலைவர் தடுமாறவில்லை. ஜேர்மன் படிவங்களில் சம்பந்தமில்லாத கேள்விகள் இருப்பது மரபு. விசா கேட்டால், நீ பயங்கரவாதியா என்று கேட்பார்கள். அறை கட்டக் கேட்டால் கஞ்சாவைப் பற்றிக் கேட்கிறார்கள். ‘கட்டுற அறைக்குள்ளை ஒருத்தரும் உதுகளைச் செய்யக்கூடாதெண்டு முதலே விசாரிக்கிறாங்கள். நல்ல விஷயம்’ என்று நினைத்து, முதன்முறையாக இந்த அரசாங்கத்தின்மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

இருநூறு மீற்றருக்குள் பள்ளிக்கூடம் உண்டா? இல்லை. வளவுக்கு வேலி உண்டா? உண்டு; ஆளுயரம். போதைப் பழக்கத்தைத் தடுக்கப் பொறுப்பான அதிகாரி யார்? தலைவரின் கண் கலங்கிவிட்டது. தன் பெயரை எழுதி, அடிக்கோடிட்டு, நான்கு பக்கத்தில் ஒரு தடுப்புத் திட்டத்தையும் இணைத்தார். காலை ஐந்து மணிக்கு எழும்புதல், குளிர்ந்த நீரில் முகம் கழுவுதல், பெரியோர் வந்தால் எழுந்து நிற்றல் ஆகியவை அதில் அடங்கும். கடைசிப் பக்கத்தில், ‘வகைகளும் ஆண்டு அளவும்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அறையில் அடுப்பு வரப்போவது அரசாங்கத்துக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்தவாறே ‘உளுந்து, கடலைப்பருப்பு, நூற்று எண்பது கிலோ’ என்று எழுதினார்.

ஆறு கிழமையில் பதில் வந்தது: ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு ஹெர் லூக்காஸ் நேரில் வந்து இடத்தைப் பார்வையிடுவார். தலைவர் ராஜதந்திரி. கண்டனக் கூட்டத்தையும் அதே நாளுக்கு, அதே நேரத்துக்கு வைத்தார். கஞ்சாவுக்கு எதிராகத் தமிழ் மூத்தோர் கொதித்தெழுவதை ஒரு ஜேர்மன் அதிகாரி கண்ணால் பார்த்தால், அறைக்கு அனுமதி தராமல் போவாரா?

ஹெர் லூக்காஸ் வந்தார், வடையொன்றை எடுத்தார், முன்வரிசையில் இருத்தப்பட்டார். தலைவர் எழுந்து தீர்மானத்தைச் செந்தமிழில் வாசித்தார். கஞ்சா என்னும் நச்சுச்செடியை ஒன்றியம் வேரோடு கண்டித்தது, இலையோடு இகழ்ந்தது, அதைப் புகைப்போர், வளர்ப்போர், வைத்திருப்போர், மருந்தென்று சாக்குச் சொல்வோர் யாவரும் ஒன்றியத்திலிருந்து நீக்கப்படுவர் என்று எச்சரித்தது. ‘மருந்தென்று சாக்கு’ என்ற இடத்தில் அவர் கதவுப்பக்கம் பார்க்கவில்லை. கதவில் ஒரு கையூன்றி, மறுகையில் தேத்தண்ணீர்த் தட்டுடன் இராஜேஸ்வரி நின்றார்.

எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரு சொல்லும் விளங்காத ஹெர் லூக்காஸ் மரியாதைக்குக் கை தட்டினார்.

“கனபிஸ் விஷயத்தில் எங்கள் ஒன்றியம் இப்போது ஏகமனதாக முடிவெடுத்திருக்கிறது,” என்று தலைவர் ஜேர்மன் மொழியில் அறிவித்தார்.

“மிகவும் மகிழ்ச்சி,” என்றார் ஹெர் லூக்காஸ். “பொதுவாக இளைஞர்கள்தான் வருவார்கள். உங்கள் தடுப்புத் திட்டத்தை அலுவலகத்தில் எல்லோரும் வாசித்தோம். ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும் என்று இதுவரை எந்தச் சங்கமும் எழுதவில்லை.” பிறகு நீலக் கோப்பைத் திறந்தார். “இரண்டு மூன்று சந்தேகங்கள். இந்த ‘உளுந்து’ என்ற வகை எங்கள் பட்டியலில் இல்லை. இண்டிகா இனமா?”

“இந்தியா இல்லை,” என்றார் தலைவர் கடுமையாக. “ஸ்ரீலங்கா.”

ஹெர் லூக்காஸ் எழுதிக்கொண்டார். “உறுப்பினர்கள் இங்கேயே உட்கொள்வார்களா?”

“வெள்ளிக்கிழமைகளில். சூடாக.”

“அது கூடாது. வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.”

“பார்சலும் உண்டு.”

“ஒருவருக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிராமுக்கு மேல் கொடுக்க முடியாது.”

இதுவரை பொறுமையாக இருந்த லோறன்ஸ் எழுந்துவிட்டார். “இருபத்தைஞ்சு கிராமோ? அரை வடையும் வராதே அண்ணை! உந்த ஆளிட்டைச் சொல்லுங்கோ, என்ரை மனுசி சுடுற வடை ஒண்டு எண்பது கிராம்.”

அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நிரஞ்சனாவின் பேனை நின்றது. எழுந்து போய், ஹெர் லூக்காசின் மடியில் இருந்த படிவத்தைத் தலைகீழாகவே வாசித்தாள். பிறகு தகப்பனின் காதருகே குனிந்தாள்.

“அப்பா, ஒருக்கா வெளியிலை வாங்கோ.”

“கூட்டம் நடக்குது.”

“அப்பா, உங்கட அன்பாவ் அறை இல்லை. பயிர்.”

“என்ன பயிர்?”

அவள் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சோதிலிங்கத்தின் காது, தலைவர் பேசாதபோது மிக நன்றாகக் கேட்கும்.

“கஞ்சாத் தோட்டத்துக்கோ அண்ணை அன்ராக் போட்டனீங்கள்?” அவர் குரல் நடுங்கியது. ஒழுக்கத்தை நினைத்து நடுங்கியது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். “அண்ணை, அப்ப என்ரை பென்சன் பேப்பர்? அதையும் இப்பிடித்தான் வாசிச்சனீங்களோ?”

சபையில் நாற்பது வருடம் ஒன்றாய் எழும்பியது.

“என்ரை பிறந்த நாளைப் பங்குனி எண்டு எழுதினது நீங்கள்தானே அண்ணை,” என்றார் ஜெயமலர். “நான் புரட்டாதி. உந்த நாட்டிலை ஒவ்வொரு வருசமும் எனக்கு ஆறு மாசம் முந்தியே வயசு போகுது.”

“உமக்கு வயசு மட்டும்தானே போச்சு, அக்கா,” என்றார் லோறன்ஸ். “என்ரை பாஸ்போட்டிலை குடும்பப் பேர் என்ன தெரியுமோ? லெடிக். குடும்பப் பேரைக் கேட்ட இடத்திலை அண்ணை கட்டினனானோ கட்டேல்லையோ எண்டு எழுதிவிட்டிட்டார். லெடிக் எண்டால் கலியாணம் கட்டாதவன். எனக்கு நாலு பிள்ளையள். நாலும் லெடிக். கலியாணம் கட்டின ரெண்டும் லெடிக்.”

விஜயரத்தினம் தன் முன்னால் இரண்டு குழிகளைக் கண்டார். ஒன்றில் கஞ்சா இருந்தது. மற்றதில் ‘நான் பிழையாக வாசித்துவிட்டேன்’ என்ற வாக்கியம் இருந்தது. குடும்ப மானம் எந்தக் குழியில் விழுந்தால் குறைவாக அடிபடும் என்று ஒரு பெரிய மனிதன் தீர்மானிக்க வேண்டிய வேளை அது. முதற்குழியில் விழுந்தால் ஊர் ஒரு வருடம் சிரிக்கும். இரண்டாவதில் விழுந்தால், நாற்பது வருடமாக எழுதியவை எல்லாம் வீடு வீடாக அலுமாரிகளிலிருந்து வெளியே வரும். பென்சன் வரும், பங்குனி வரும், லெடிக் குடும்பம் மூன்று தலைமுறையோடு வரும்.

அவர் முதுகு நிமிர்ந்தது. ஏற்கெனவே நிமிர்ந்திருந்த முதுகு; ஆனாலும் நிமிர்ந்தது.

“நான் பிழையா வாசிக்கேல்லை,” என்றார்.

“அப்ப?”

“தெரிஞ்சுதான் போட்டனான்.”

நிரஞ்சனா தகப்பனை வாய் திறந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“அண்ணை, இப்பதானே கண்டிச்சனாங்கள்?” என்றார் சோதிலிங்கம்.

“கண்டிச்சது கஞ்சாவை. உது கனபிஸ்.”

“ரெண்டும் ஒண்டெல்லோ?”

“சோதி, உமக்கு ஜேர்மன் காணாது. கஞ்சா எண்டது ஸ்ரேசனுக்குப் பின்னாலை பெடியள் ஒளிச்சு நிண்டு புகைக்கிறது. கனபிஸ் எண்டது மூத்தோர், அரசாங்க அனுமதியோடை, வேலி போட்டு, தடுப்பு அதிகாரி ஒருத்தரை வைச்சு, ஒழுக்கமா வளர்க்கிறது. ஒண்டுக்குப் பேர் போதை. மற்றதுக்குப் பேர் நிருவாகம்.”

இவ்வளவு தெளிவான விளக்கத்தை எசன் அதற்குமுன் கேட்டதில்லை. சபை அதைத் தராசில் போட்டுப் பார்த்தது. அதிக நேரம் எடுக்கவில்லை.

“மூலிகை எண்டு போடுவம் அண்ணை,” என்றார் ஜெயமலர். “எனக்கு முழங்காலுக்கு உதிலை ஒரு கிறீம் இருக்கு. ரெண்டு வருசமாப் பூசுறன். பேத்திதான் வாங்கித் தாறவள். குழாயிலை இலைப் படம் போட்டிருக்கும். நான் அதை வேப்பிலை எண்டு நினைக்கிறனான்.”

“என்ரை மருமகன் ஒருக்கா ஏதோ பிஸ்கற் தந்தவர்,” என்றார் லோறன்ஸ். “அண்டைக்குத்தான் முதல்முறையாப் பூசையிலை பிரசங்கம் முழுக்கக் கேட்டனான். நல்ல பிரசங்கம்.”

எல்லோரும் சோதிலிங்கத்தைப் பார்த்தார்கள்.

“நான் தொட்டதே இல்லை,” என்றார் சோதிலிங்கம். “மகன்ரை அறையிலை ஒரு பொட்டலம் கிடந்தது. எறியிறதுக்கெண்டு எடுத்து வைச்சனான்.”

“எறிஞ்சாச்சோ?”

“குப்பைக்காரன் இன்னும் வரேல்லை.”

“எப்ப எடுத்து வைச்சனீர்?”

“தைப்பொங்கலுக்கு.”

தீர்மானத்தில் ஒரு திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது: கண்டனம் கஞ்சாவுக்கு மட்டுமே உரியது; கனபிஸுக்கு அன்று. முதல் தீர்மானத்துக்கும் திருத்தத்துக்கும் இடையில் கழிந்த நேரம் பதினொரு நிமிடம். அதில் ஏழு நிமிடம் லெடிக் குடும்பத்துக்கே போயிற்று. ஹெர் லூக்காஸ் இரண்டாவது வடையை முடித்திருந்தார்.

“கலந்துரையாடல் நடக்கிறதா?” என்று பணிவாகக் கேட்டார்.

“உறுதிப்படுத்துகிறோம்,” என்றார் தலைவர். “வகைகளில் மட்டும் ஒரு சிறு மாற்றம். உளுந்து வேண்டாம்.”

அப்போதுதான் கதவுப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. உரத்த குரல் அல்ல. எட்டு மாதமாக மூச்சைப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பேசிப் பழகிய குரல்.

“இஞ்சாருங்கோ,” என்றார் இராஜேஸ்வரி. “என்ரை சொட்டு மருந்து கஞ்சாவோ? கனபிஸோ?”

தலைவர் தன் வாழ்நாளில் எந்தப் படிவத்தின் எந்தக் கேள்விக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டவர் அல்லர். இதற்கு விட்டார்.

“தேத்தண்ணி ஆறுது,” என்றார் கடைசியில்.

“ஆறட்டும்.” இராஜேஸ்வரி தட்டை மேசையில் வைத்தார். வைக்கக் குனிந்தபோது முகம் ஒரு கணம் வெளிறிப்போய்த் திரும்பியது. “பிள்ளை, அப்பா இப்ப சொன்னதை எழுதினியோ?”

“எழுதினன் அம்மா. சொல்லுக்குச் சொல்லு.”

“ஏகமனதா எண்டும் எழுதினியோ?”

“ஓம். நாலு கையும் தூக்கினது.”

“அதிலை எனக்கு ஒரு கொப்பி எடுத்துத் தா. டொக்டரிட்டைப் போறன்.”

“பழைய சீட்டு இப்ப செல்லாது அம்மா. புதுசுதான் எழுதுவிக்க வேணும். நானும் வரட்டோ?”

“வேண்டாம். நீ இரு. கொப்பர் இன்னும் ஏதும் சொன்னால் எழுத ஆள் வேணும்.”

“முன்கூட்டியே நேரம் குறிச்சு ரெர்மின் எடுக்காமல் அங்கை பாக்கமாட்டினம்,” என்றார் தலைவர். அக்கறையாகத்தான் சொன்னார், விதிகளில் அவருக்கு எப்போதும் அக்கறை உண்டு.

“நிண்டு பாக்கிறன்,” என்றார் இராஜேஸ்வரி. “நிக்கிறது எனக்கு இப்ப நல்ல பழக்கம்.”

கோட்டை வலது பக்கம் போடாமல், தோளில் கொழுவிக்கொண்டு போனார். மண்டபத்தின் கண்ணாடி வழியே எல்லோரும் பார்த்தார்கள். ட்ராம் வந்தது. உள்ளே இடம் இருந்தது, அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே போனார். வைத்தியரின் அறைக்கு வெளியே இரண்டரை மணித்தியாலம் நின்றார் என்று பிறகு தெரிய வந்தது. கூட்ட அறிக்கையைக் காட்ட வேண்டிய தேவை ஏற்படவில்லை. வைத்தியர், “மாசியிலேயே எழுதித் தந்தேனே, இவ்வளவு காலம் என்ன செய்தீர்கள்?” என்று மட்டும் கேட்டாராம். “குடும்பத்திலை கொஞ்சம் வேலை இருந்தது,” என்றாராம் இவர்.

சொட்டு மருந்து தொடங்கிய மூன்றாம் கிழமை இராஜேஸ்வரி ஆறு மணித்தியாலம் உறங்கினார். நோ முற்றாகப் போய்விடவில்லை. போகவில்லை என்பதை இப்போது உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.

ஒன்றியத்துக்கும் தை மாதம் அனுமதி வந்தது. வேலி உயர்த்தப்பட்டது. தலைவர், தடுப்பு அதிகாரி என்ற வகையில், காலை ஐந்து மணிக்கு எழும்பி, குளிர்ந்த நீரில் முகம் கழுவி, ஏழு செடிகளையும் நிமிர்ந்து நின்று மேற்பார்வை செய்கிறார். பெரியவர் வரும்போது செடிகளும் நிமிர்ந்தே நிற்கின்றன. உறுப்பினராகச் சேர விரும்பும் மூத்தோரின் தொகை அவரையே மலைக்க வைத்திருக்கிறது. எல்லோருடைய விண்ணப்பத்தையும் அவரே நிரப்பிக் கொடுக்கிறார். செருப்புகள் இன்னும் வடைச்சட்டிக்குப் பக்கத்தில்தான் கழற்றப்படுகின்றன.

இறுதியாக, ஒரு வதந்தியைப் பற்றி. மனைவி பட்ட வேதனையைக் காணப் பொறுக்காமல், தன் பெயரும் பெருமையும் போனாலும் பரவாயில்லை என்று தலைவர் இரகசியமாகத் திட்டமிட்டுத்தான் அந்தப் படிவத்தை அனுப்பினார்; கொள்கை பெரிதா, கட்டியவள் பெரிதா என்று வந்தபோது அவர் மனம் இரங்கிவிட்டது; இப்படி ஒரு கதை எசனில் தொடங்கி, கோயில் தேருக்கு வந்தவர்களின் வாயால் லண்டன்வரை போயிருக்கிறது. கேட்டவர்கள் கண் கலங்கினார்களாம். தலைவரும் அதை மறுக்கவில்லை என்று அறிகிறோம்.

அது தவறான செய்தி. பக்கத்து அறையில் ஒருத்தி எட்டு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அவர் இரங்கவில்லை. ஒரு சொல்லைப் பிழையாக வாசித்தேன் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு இறங்கவும் இல்லை.